லேஞ்சி போட்ட இடம்

கிளிநொச்சி பஸ் வவுனியாவில் புறப்படக் காத்திருந்தது. மூன்றுபேர் இருக்கையில் சிநேகிதரோடு இருந்த கண்ணாடிக்காரர், ஓரத்தில் தன் கைக்குட்டையை, அந்த லேஞ்சியை விரித்து இடம்பிடித்துவிட்டுச் சொன்னார்:

“போர்த்துக்கேயனுக்கு இருநூறு வருசத்துக்கும் மேல முதல், மலாயாப் பக்கத்தில இருந்து கப்பலில வந்த சாவக அரசன் அண்டைக்கு இங்க தோற்காமல் இருந்திருந்தால், போர்த்துக்கேயன் கால் வச்சிருக்க மாட்டான்.”

“ஏன்?”

“இடம்தான் முதலே பிடிச்சாச்செல்லே. பிந்தி வாறவன் திரும்பிப் போகவேண்டியதுதான்.”

பையோடு ஏறிய ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“இதில ஆள் வருதோ?”

“ஓம். என்ர மனிசி மாங்குளத்தில ஏறுவா. அவாவுக்குக் கால் ஏலாது.”

“ஏறட்டும். அதுவரைக்கும் நான் இருக்கிறன்.”

லேஞ்சியை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மா உட்கார்ந்தார்.

சிநேகிதர் மெல்லக் கேட்டார்: “மாங்குளத்தில எழும்புவாவோ?”

“போர்த்துக்கேயனும் கொஞ்ச நாளைக்கெண்டுதான் வந்தவன்.”