லெவலை ஏற்றியவன்

என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி. அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை சார். போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். இருவருக்கும் ஒரே மருத்துவமனைக் குழுமத்தில் கணினிப் பிரிவு வேலை. நான் தலைமையகத்தில். அவளை வெளியூர்க் கிளைக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள்.

தலைமையகத்துக்குப் புது சர்வர் வந்தது. அதை டொமைன் கன்ட்ரோலராக உயர்த்தினால், கடவுச்சொல்லைப் பார்த்து ஆட்களை உள்ளே விடுகிற காவல்காரன் ஆகிவிடும். வேண்டாமென்றால் மறுபடி சாதாரண சர்வராக்கிக்கொள்ளலாம். தலைமையகமும் கிளைகளும் சேர்ந்த மொத்த வலையமைப்பான டொமைனின் லெவலை உயர்த்துவது வேறு. அதற்குப் பிறகு பழைய கன்ட்ரோலர்களுக்கு அங்கே இடமில்லை. எங்கள் அமைப்பில் ஏற்றியதை இறக்கவும் முடியாது. அவள் கிளையில் ஓடியது பழசு.

"புதுசை மட்டும் ப்ரமோட் பண்ணுங்க. லெவல்ல கை வச்சிடாதீங்க," என்றாள் போனில். "இங்க என் கிழவன் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கான்."

"யாரு, நானா?"

"நீங்க எங்க ஓடுறீங்க? சோபாவை விட்டு எந்திரிச்சாத்தானே."

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குமுன்பே, இன்னும் ஒரு வருஷம் கிளையிலேயே இருக்கச் சம்மதித்துவிட்டதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை புது சர்வரை உயர்த்தினேன். பழையது இருக்கும்வரை லெவலை ஏற்ற விடாது என்பதால், கிளை சர்வர் செத்துவிட்டதாக அதன் பதிவை நீக்கினேன். பிறகு லெவலை ஏற்றினேன். நீக்கியதும் ஏற்றியதும் அவள் கணக்கில் நுழைந்துதான். கடவுச்சொல்லை அவளே சொல்லியிருந்தாள். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன ஒளிவு மறைவு. நாலு திட்டு வாங்குவாள், பொறுப்பு போகும், வீட்டோடு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

கிளையில் எந்த நர்ஸாலும் நோயாளிகளின் விவரத்தைத் திறக்க முடியவில்லை. யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதும் அதற்குள்தான் இருந்தது. நினைவு தப்பி வந்த ஒரு தச்சருக்கு அவசரத்தில் ஊசி போட்டார்கள். அது அவருக்கு ஆகாத மருந்து.

அவளை வேலையை விட்டே அனுப்பினார்கள்.

"ஏங்க, நிஜமாவே நான்தான் பண்ணியிருப்பேனா? எனக்கு ஞாபகமே இல்லையே," என்று கேட்டாள்.

"அசதியில பண்ணியிருப்ப. விடும்மா," என்றேன்.

அதைச் சொன்ன வாயை நினைத்தால் கூசுகிறது சார். தச்சரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் என் தோளில் சாய்ந்து தூங்கப் பழகியிருக்கிறாள்.