பார்க்க ஒன்றுமில்லாத இடம்

எனது பெயர், வயது, கதவு எண், தெரு ஆகியவற்றை நான் சொல்லச் சொல்ல எழுத்தர் இந்தத் தாளின் தலைப்பில் பதிந்துகொண்டார். அவை சரியானவை. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் விரிப்புகளைத் தேய்த்து மடிக்கும் வேலை பார்க்கிறேன். என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்றுநர். எனக்குத் தாய் தகப்பன் உயிருடன் இல்லை. உடன்பிறந்தவன் ஒரே தம்பி, லிப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அவன் காணாமல் போனது சம்பந்தமாக இதே காவல் நிலையத்தில் முன்பே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். இது இரண்டாவது. என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நானாகவே வந்து கொடுக்கிறேன்.

என் தம்பி மனைவியைப் பிரிந்த பிறகு எங்கள் வீட்டில் முன்னறையில் தங்கியிருந்தான். கோடைக்கு முன்பு ஒருநாள் தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்ததால் பிழைத்து, மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தான். மனநல மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, அவனைத் தனியே விடக்கூடாது என்றும், காவல் காக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவும் கூடாது என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று கேட்டேன். முயற்சி செய்யுங்கள் என்றார். அதன் பிறகு நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். சமையலறைக் கத்திகளைத் துணிப் பெட்டியில் வைத்தேன். ஒரு வாரமாகத் தக்காளியைக் கையால் பிசைந்து போடுவதைப் பார்த்துவிட்டு என் தம்பியே, "அக்கா, கத்திய வெளிய எடு. எனக்காகக் குழம்பு கெட்டுப்போக வேண்டாம்" என்றான். எடுத்து வைத்தேன். கண்காணிப்பதை விடவில்லை.

அதன் பிறகு மாத்திரைகள் பிடித்து அவன் கொஞ்சம் தேறி வேலைக்கும் போக ஆரம்பித்ததும், நாலு சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்குத்தான் மனசு சரியாகும் என்று சொல்லி, மலைக்காட்டில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வரலாம் என்று என் கணவர் யோசனை சொன்னார். மருத்துவரும் நல்லது என்றார். என் கணவர் வனத்துறையின் வரைபடம் ஒன்றை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். அந்த மலைப்பகுதியில் கூடாரம் போட அனுமதியுள்ள இடங்கள் நான்கு. ஏரிக்கரையில் ஒன்று, அருவிக்குப் பக்கத்தில் ஒன்று, பாறை முகட்டில் ஒன்று. நான்காவது, ஊசியிலை மரங்களுக்கு நடுவே சமதரையில் இருந்தது. அதற்கு நேராக வரைபடத்தில் ஒரு படம்கூடப் போடவில்லை.

என் கணவருக்கு ஏரி பிடித்திருந்தது. நான் கொசு என்றேன். அப்படியானால் அருவி என்றார். பாசி வழுக்கும் என்றேன். முகட்டில் காற்று கூடாரத்தைத் தூக்கிப் போய்விடும் என்றேன். நான்காவது இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அங்கே தண்ணீர் குழாயில்தான் வரும், பள்ளத்தாக்கு கிடையாது, சுற்றி எந்தப் பக்கம் போனாலும் மரம்தான்.

"பாக்க ஒண்ணுமே இல்லாத இடத்துக்கா இவ்வளவு தூரம் போகணும்? கடலுக்குப் போயிட்டு கால நனைக்காம வந்த கதையா இருக்கே" என்று என் கணவர் சொன்னார். என் தம்பி வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி நான்கு இடங்களையும் வரிசையாகப் பார்த்தான். அதன் பிறகு, "அக்கா சொன்னதே இருக்கட்டும் மச்சான். என் பொழப்பே மேல கீழ போறதுதான். ரெண்டு நாள் சமதரையில இருந்துட்டு வரேன்" என்றான்.

போகிற வழியில் என் கணவர் பெட்ரோல் போட இறங்கியபோது, பின்னிருக்கையில் இருந்த என் தம்பி முன்னால் சாய்ந்து, "கொசுவுக்கு இவ்வளவு பயப்படுற ஆள் நீ இல்லக்கா" என்றான். நான் கண்ணாடியை இறக்கி, என் கணவர் வருகிறாரா என்று பார்த்தேன். "இப்ப அப்படி இல்ல. நெஜமா இல்ல. ஆனா நீ தேடி எடுத்த இடம், அதுக்காகவே போவோம்" என்றான். இதை முதல் வாக்குமூலத்தில் நான் சொன்னேன். எழுத்தர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி கூறி, இதை எழுதிக்கொள்ளவில்லை. இப்போது எழுதிக்கொள்ளும்படி கேட்கிறேன்.

அந்த இடத்தில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. காவலாளர் ஒருவர் நுழைவுக் கொட்டகையில் இருந்தார். அடுப்பு மூட்டலாம், விழுந்து கிடக்கும் சுள்ளிகளை மட்டும் பொறுக்கலாம், மரத்தை வெட்டக்கூடாது என்றார். மரங்கள் ஒரே நாளில் நட்டவை போல ஒரே தடிமனாக, ஒரே உயரமாக இருந்தன. என் தம்பி கூடாரக் கயிறுகளை அவனே கட்டினான். மாலையில் என் கணவர், தன்னிடம் கற்க வந்த ஒரு பெண்மணி பிரேக்கை மிதிப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வதை நடித்துக் காட்டினார். என் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் எழுந்துபோய்ப் பாத்திரத்தை எடுப்பதுபோல முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை கொண்டுபோன விறகு பனியில் நனைந்திருந்தது. நான் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் தம்பி வந்து, "தண்ணிய அடுப்புல வை அக்கா, காஞ்ச சுள்ளி பொறுக்கிட்டு வரேன்" என்றான். நான் கையைத் துடைத்துக்கொண்டு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து, "விடுடி. கக்கூசுக்குப் போனாக்கூடப் பின்னாடியே போய் நிக்கிற. அவன் என்ன கைக்குழந்தையா?" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என் தம்பி மரங்களுக்கிடையே போவதை, அவனுடைய சாம்பல்நிறச் சட்டை தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நனையாமல் மிஞ்சிய கொஞ்ச விறகில் அடுப்பை மூட்டித் தண்ணீரை வைத்தேன்.

அதன் பிறகு மூடுபனி இறங்கியது. தண்ணீர் கொதித்து, பாதியாகச் சுண்டியது. நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அதன் பிறகு என் கணவர் காரின் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். பனிக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று எனக்கே தெரியவில்லை, நான் காருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அதன் பிறகு காவலாளர் தேடுதல் குழுவுக்குச் சொல்லி அனுப்பினார்.

குழுவின் தலைவர் ஒரு பெண்மணி, பொறுமையாகப் பேசினார். தம்பியைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். மறைத்தால் தேடுவதில் குறை வரும் என்று நினைத்து நான் மருத்துவமனை விஷயத்தை முழுவதும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "கூப்பிட்டா பதில் சொல்றவரத் தேடுறது ஒரு மாதிரி. பதில் சொல்ல விரும்பாதவரத் தேடுறது வேற மாதிரி. இப்படிப்பட்டவங்க பெரும்பாலும் ரொம்ப தூரம் போக மாட்டாங்கம்மா" என்றார்.

அதன் பிறகு அவர்கள் கூடாரத்தைச் சுற்றி நெருக்கமாகத் தேடினார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அதில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். அவர்கள் குறைவைக்காமல்தான் தேடினார்கள். ஆனால் தூரத்தில் தேடவில்லை. குழுவில் ஒருவர் என்னிடம், "ஒரு ஓடை இருந்திருந்தா அது கூடவே எறங்கி வந்திருப்பாரு. ஒரு மேடு இருந்தா ஏறிப் பாத்திருப்பாரு. இந்த எடத்துல அடையாளம்னு எதுவுமே இல்லம்மா, எங்களுக்கே சுத்துது" என்றார். இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு மழை பிடித்து, மழை பனிப்பொழிவாக மாறியதும் தேடுதலை நிறுத்தினார்கள். நிலையத்தில் என் முதல் வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, என் தம்பியின் கோப்பில் "சுய விருப்பத்தின் பேரில் அகன்றவர்" என்று எழுதினார்கள். நான் எதிர்த்துச் சொல்லவில்லை. உண்மையில் நானும் அப்படித்தான் நம்பினேன். பனிக்காலம் முழுவதும், ஓட்டலில் விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம், அவன் சிரித்ததும் காரில் பேசியதும் என்னை ஏமாற்றத்தான் என்று நினைத்து அவன்மீது கோபமாக இருந்தேன். அவன் பாயையும் தலையணையையும் மடித்து, முன்னறையைப் பூட்டிவிட்டேன்.

பனி உருகியபின் காட்டில் காளான் பறிக்கப் போன இருவர், கூடாரம் போடும் இடத்திலிருந்து வெகுதூரத்தில், யாரும் தேடாத பக்கத்தில், இடுப்புவாரால் கட்டிய சுள்ளிக்கட்டு ஒன்று, விழுந்து கிடந்த மரத்தின்மேல் வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துத் தகவல் சொன்னார்கள். வாரை என்னிடம் காட்டினார்கள். அது என் தம்பியுடையது. அந்த இடத்திலிருந்து மேற்கொண்டு, மரக்கிளைகளில் நெஞ்சு உயரத்தில் சாம்பல்நிறத் துணிக் கிழிசல்கள் கட்டப்பட்டிருந்தன. ஒரு கிழிசலிலிருந்து பார்த்தால் அடுத்தது தெரியும்படி கட்டியிருந்தான். முடிச்சின் நுனிகளை உள்ளே செருகியிருந்தான். பழுதான லிப்டின் கதவில் எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிடும்போது அவன் அப்படித்தான் கட்டுவான். அட்டை அவிழ்ந்து விழுந்தால் யாராவது உள்ளே கால் வைத்துவிடுவார்கள் என்பான்.

என்னையும் அழைத்துப்போய்க் காட்டினார்கள். கிழிசல்கள் நேராகப் போய், பிறகு வளைந்து, ஓரிடத்தில் முன்பே கட்டிய கிழிசலையே வந்து சந்தித்தன. அங்கே அவன் ஒரே கிளையில் இரண்டாவது முடிச்சும் போட்டிருந்தான். அதன் பிறகு வேறு திசையில் போயிருந்தான். சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் அடியில் கிளைகளை ஒடித்துச் சாய்த்துக் கூரைபோல் போட்டு, தரையில் காய்ந்த இலையைப் பரப்பி, படுத்திருந்த இடம் இருந்தது. அங்கே, அவன் எப்போதும் கால்சட்டைப் பையில் வைத்திருக்கும் மாத்திரை அட்டை கிடந்தது. காலை மாத்திரையும் இரவு மாத்திரையும் வரிசைப்படி எடுக்கப்பட்டு, மீதி அப்படியே இருந்தன. மருத்துவர் சொன்னபடி, காட்டுக்குள் தனியாக, பசியோடு கிடந்தபோதும் வேளை தவறாமல் சாப்பிட்டிருக்கிறான். அதற்கப்பால் கிழிசல் எதுவும் இல்லை. சட்டை தீர்ந்துபோயிருக்கும் என்று தேடுதல் குழுத் தலைவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. நான் சொன்னதை வைத்துத்தான் அவர் தேடினார்.

அதன் பிறகு மறுபடியும் தேடினார்கள். நாயும் கொண்டுவந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பனிக்காலம் கடந்துவிட்டதால் இனிக் கிடைப்பது கஷ்டம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. அதை நான் ஏற்றுக்கொண்டேன். அவன் உயிரோடு இருப்பான் என்று நான் சொல்லவில்லை. என் கணவர் இப்போது வீட்டில் எதற்கும் "விடு" என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. கதவில் என் சேலை மாட்டிக்கொண்டால்கூட, பேசாமல் வந்து எடுத்துவிட்டுப் போகிறார்.

கோப்பில் "சுய விருப்பத்தின் பேரில் அகன்றவர்" என்றிருப்பதை நீக்கி, "வழி தவறியவர்" என்று எழுதித்தரும்படி கேட்டு வந்தேன். உடல் கிடைக்காமல் பதிவை மாற்ற விதியில் இடமில்லை என்றும், இந்த வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்த்து வைக்க மட்டும் முடியும் என்றும் ஆய்வாளர் கூறினார். அதன் பிறகு அவர் எழுத்தரை நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஒரு வார்த்தைய மாத்துறதால உங்களுக்கு என்ன ஆகப் போகுது? அவர் திரும்பி வரவா போறார்?" என்று என்னிடம் கேட்டார். கேட்டதையும் என் பதிலையும் எழுதும்படி நான் வற்புறுத்தியதால் இங்கே எழுதப்படுகிறது.

"வர மாட்டான் சார். ஆனா வரத்தான் பாத்தான். சட்டை தீர்ற வரைக்கும் பாத்திருக்கான்."

இது முழுவதும் நான் சொல்லி, எழுத்தரால் எழுதப்பட்டு, எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு சொன்னேன். இதில் உண்மைக்குப் புறம்பாக எதுவும் இல்லை; சேர்க்கவோ நீக்கவோ வேண்டியதும் இல்லை.

(ஒப்பம்)
வழி தவறியவரின் அக்காள்