ஸ்ரீரங்கன் ஐயாவின் கோட்டில் இருந்த மணல்

கனகராஜ் மணலைத் திருடி அயல்நாட்டுக்காரனுக்கு விற்றுவிட்டான் என்று ஸ்ரீரங்கன் ஐயாவின் மைத்துனர் போலீசில் எழுதிக் கொடுத்தது பொய். அவர் இங்கே இருந்தால், நீர் பார்த்தீரா என்று முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். முதலில் பெயரைச் சொல் என்று இதை எழுதிக்கொள்ளும் ஏட்டையா அதட்டுவதால் சொல்கிறேன். என் பெயர் இனாயத், தகப்பனார் பெயர் ஷரஃபுதீன், வயது அறுபத்தெட்டு, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் தையற்கடை. படிப்பு மூன்றாம் வகுப்பு; அதற்கு மேல் வாத்தியார் என்னைத் தாங்கவில்லை.

அபிராமபுரம் ஸ்ரீரங்கன் ஐயாவுக்குப் பத்து வருடமாகக் கோட்டு தைக்கிறேன். டில்லியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது முதல் கோட்டு, லண்டனுக்கு அனுப்பப்பட்டபோது இரண்டாவது, 1946-இல் அணுசக்தி பற்றிப் பல தேசத்தார் கூடிப் பேச அமெரிக்கா போனபோது மூன்றாவது. மறுபடி பயணம் என்பதால், சென்ற வெள்ளிக்கிழமை அந்த மூன்றாவது கோட்டைத் தம் சேவகர் கனகராஜிடம் பழுது பார்க்கக் கொடுத்தனுப்பினார். இரண்டு முழங்கையும் தேய்ந்து உள்துணி தெரிந்தது. உள்பையும் கிழிந்திருந்ததால் அடி மடிப்பைப் பிரித்தேன். அதில் கிழிந்த காகித உறையும் தேன் நிறத்தில் ஒரு கைப்பிடி மணலும் கிடந்தன. ஐயா பீச்சில் காற்று வாங்கியபோது ஒட்டிய மணல் என்று நினைத்தேன். மணல் இரும்புத்தூள் போலக் கனத்தது. ஊசி குத்தி வைக்கும் என் சின்ன மெத்தை பஞ்சு என்பதால் மேஜையில் நிற்காது. அதனால் பஞ்சை எடுத்துவிட்டு இந்த மணலை நிரப்பித் தைத்துவிட்டேன்.

இன்று காலை ஐயாவே கோட்டை வாங்கக் கடைக்கு வந்தார். பெட்டியில் வைத்ததாக நினைத்த மாதிரி மணல் பொட்டலம் காணவில்லை என்றும், பெட்டிச் சாவி கனகராஜிடம் இருந்ததால் சனிக்கிழமை முதல் அவன் லாக்கப்பில் இருக்கிறான் என்றும் சொன்னார்.

"மணலுக்கா சாமி ஜெயிலு? பீச்சாண்ட ஒரு வண்டி அள்ளியாறேன், வேணுமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அது திருவிதாங்கூர் கரை மணல் என்றும், அதில் உள்ள தோரியம் என்ற உலோகத்தால் ஒருநாள் ஊரெல்லாம் விளக்கு எரியலாம் என்றும், பெரிய தேசத்தார் அதைக் கப்பல் கப்பலாகக் கேட்கிறார்கள் என்றும், அவர்கள் எதிரே உட்கார்ந்து முடியாது என்று சொல்வதுதான் தம் உத்தியோகம் என்றும் சொன்னார்.

"இல்லேன்னு சொல்றதுக்கா சாமி மூணு கோட்டு?"

"ஆமாம் பாய். அவாளுக்குக் கோபம் வராம சொல்லணும். போன தரம் பதினோரு வாரம் ஆச்சு."

அப்போதுதான் அந்த முழங்கைகளைத் திரும்பப் பார்த்தேன். ஜமீன்தார்களுக்கும் ஜட்ஜுகளுக்கும் தைத்திருக்கிறேன். மேஜையில் கை ஊன்றியே ஒருவர் கம்பளித் துணியைத் தேய்த்துப் பார்த்ததில்லை. அதன் பிறகு மெத்தையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

கனத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. என் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தொலையாமல் தம் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு, மெத்தையை என்னிடமே நீட்டினார்.

"நான் சொன்னா சிபாரிசும்பா. நீங்க சொன்னா சாட்சி. இப்பவே போங்கோ."

அதன் பிறகு நேரே இங்கே வந்து மெத்தையை ஏட்டையா மேஜையில் வைத்தேன். வாசலில் கனகராஜின் சம்சாரம் தேசம்மா மூன்றாம் நாளாக உட்கார்ந்திருந்தாள். மைத்துனரைக் கேட்க வேண்டிய இன்னும் சில கேள்விகளை நான் சொல்லத் தொடங்கியபோது, ஏட்டையா பேனாவை வைத்துவிட்டு, சாவிக்கொத்தோடு லாக்கப்பைத் திறக்க எழுந்துவிட்டார்.

"இன்னும் கீது நைனா" என்றேன். அவர் நிற்கவில்லை.

ஆகையால் இந்தக் கடைசி வரிகள் என் கையால் எழுதியவை, கோணலாக இருக்கும். மேலே உள்ளது எனக்குத் தெரிந்த மட்டும் நிஜம். மணலை எடுத்தவன் நான், கனகராஜ் அல்ல.

(ஒப்பம்) இனாயத்