டிராயருக்குள் ஒரு கையெழுத்து

— இல்ல மொதலாளி, டீ வேண்டாம். என் சாவியக் குடுங்க, போயிடுதேன்.

— எந்தச் சாவி, சகாயம்?

— டெண்டர் போடுத சாவி. கம்ப்யூட்டர்ல சொருகுனா என் கையெழுத்து விழும்லா, அது. உங்க டிராயர்லதான் கெடக்கு. ‘சகாயராஜ் கார்மென்ட்ஸ்’னு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கிய.

— அது இருக்கட்டும் கண்ணு. இதுக்காவ அருள்புரத்துல இருந்து பல்லடம் வரைக்கும் பஸ்ல தொங்கிட்டு வரோணுமா? மூணு மணிக்குள்ளார நம்ம ஆபீஸ் புள்ள கோமளாவே போட்டுருவா. வருசா வருசம் அவதானப்பா உனக்கும் போடறா, பொங்கியண்ணனுக்கும் போடறா.

— இந்த வருசம் நானே போடுதேன்.

— போட்டுக்க. ரேட்டு நாஞ் சொன்னதுதான? என்ற ரேட்டுக்கு மேல நாலு ரூவா.

— இல்ல. என் ரேட்டு.

— மறுக்கா சொல்லு.

— செயிக்கதுக்குப் போடுத ரேட்டு, மொதலாளி. ஆறு வருசமா நானும் பொங்கியண்ணனும் தோக்கதுக்குத்தான போட்டோம்? மூணு பேராச்சும் போட்டாத்தான் ஆஸ்பத்திரியில டெண்டரப் பிரிப்பாங்கன்னு சொன்னிய, சரின்னோம். போன வாரம் பொங்கியண்ணன்கிட்ட, எதுக்கு டெண்டர் போடுதோம்னு தெரியுமான்னு கேட்டேன். போலீஸ் பனியன்னு சொல்லுதாரு. பொறந்த பிள்ளைக்குப் போடுத சட்டைன்னே அவருக்குத் தெரியல.

— அவன் கெடக்கறான். நீ என்ற கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருந்தவன். தனியாப் போறேன்னப்ப ரெண்டு மிசினத் தூக்கிக் குடுத்தனுப்புனது ஆரு?

— நீங்கதான். இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். அதுக்குத்தான இத்தன வருசம் வாயத் தொறக்கல.

— அப்பறம் இப்ப என்ன வந்துச்சு?

— எம் மவ ஜெயசுதாவுக்குப் பிள்ள பொறந்திருக்குலா.

— ஆமா, ஊட்ல சொன்னாங்க. பேத்தியாமா? நல்லாருக்குதா?

— நல்லாருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதான். அன்னைக்கே சட்டையும் குல்லாவும் குடுத்தாங்க. நம்ம சப்ளை. நர்சு கையில இருந்து வாங்கும்போதே என் வெரலு சொல்லிட்டு, மொதலாளி. தனியாப் போன பொறவும் உங்க டெண்டருக்கு சாம்பிள் வெட்டிக் குடுத்தவன் நான். அந்தத் துணி வேற, இது வேற.

— பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா?

— ஒண்ணும் ஆகல. கழுத்துல செவந்துச்சு, ரெண்டு நாள்ல அமந்துட்டு.

— நூலு வெல ஏறுனது உனக்குத் தெரியாதாக்கும்? ஒத்துக்கிட்ட ரேட்ட நடுவால ஏத்த முடியுமா? கொஞ்சம் மெல்லிசாப் பண்ணாட்டி நாப்பது பேர ஊட்டுக்கு அனுப்பியிருக்கோணும். நானென்ன ஆசப்பட்டா பண்ணுனேன்?

— ஆசப்பட்டுப் பண்ணலன்னு தெரியும். ஆனாலும் புகார் எழுதலாம்னு உக்காந்தேன். யாரு மேல எழுத? அந்த டெண்டருக்குப் போட்டி போட்டதுன்னு மூணு கம்பெனி பேரு இருக்கு, அதுல ஒண்ணு என் பேரு. நான் ஒழுங்கா ஒரு ரேட்டு போட்டிருந்தா ஆஸ்பத்திரிக்காரங்க என்னையும் திரும்பிப் பாத்திருப்பாங்கல்லா? உங்கள விட்டா வேற ஆளே இல்லாமப் பண்ணுனது நானும்தான.

— உன்ற ரேட்டுல அந்த சாம்பிள் துணியவே குடுக்க முடியுமா?

— முடியும். பெருசா மிஞ்சாது. ஆனா முடியும்.

— இந்த ஆர்டரு போச்சுன்னா நான் ரெண்டு தையல் லைன நிறுத்தோணும். அதாச்சும் தெரியுமா?

— தெரியும். நான் துணி வெட்டிக் குடுத்த லைனு.

— ஏனப்பா சகாயம், நான் இதக் குடுக்காட்டி என்ன பண்ணுவ? மணி ரெண்டேகால் ஆச்சு. புதுசு வாங்கோணும்னா நாலஞ்சு நாளாகும்.

— கேட்டுட்டேன் மொதலாளி. இனி உங்க இஷ்டம்.

— அந்த சாம்பிள நீ வெட்டுனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எத்தன நேக்கா வெட்டுன... இந்தா, புடி. ரேட்டு மட்டும் எங்கிட்டச் சொல்லிப்போடாத, மனசு மாறிரும். ஓடு, நேரமாச்சு.

— ஓட வேண்டாம் மொதலாளி. இது செல்லாது. போன வாரமே இத ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். புதுச் சாவி வாங்கி, காலையிலயே டெண்டரும் போட்டாச்சு.

— அடப்பாவி! அப்பறம் என்னத்துக்குடா இங்க வந்து உக்காந்திருக்கற?

— நீங்களாக் குடுப்பியளான்னு பாக்கணும்னு இருந்துச்சு. குடுக்கலன்னா மடியில வச்சிருக்க இந்தக் கவர நேரா ஆஸ்பத்திரியில சேத்திருப்பேன். ஆறு வருசமா நாம செஞ்சது பூராத்தையும் எழுதியிருக்கேன். மொதப் பேரு என் பேருதான்.

— அதான் குடுத்துட்டனே, சகாயம்.

— குடுத்துட்டிய, மொதலாளி. அதான் இந்தக் கவர என்ன செய்யன்னு தெரியாம, எந்திரிக்கவும் முடியாம உக்காந்திருக்கேன்.