நூற்றுத் தொண்ணூறு என்று சொன்னேன்

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். யாரும் உட்கார்வதில்லை. அப்பாவும் அப்படித்தான். நான் கையில் பட்டையைச் சுற்றும்போதே அம்மாவைத் திட்டிக்கொண்டிருப்பார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன், களைப்பாக இருக்கிறது. ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். அங்கே அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். மேலதிகாரியிடம் விழுங்கியதை எல்லாம் வீட்டுக்கு வந்து கக்குவார். சாப்பாடு ஆறியிருந்தால் தட்டு பறக்கும். தெருமுனையில் அவர் பைக் சத்தம் கேட்டதும் அம்மாவுக்கு வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். குடற்புண் என்றார்கள். நான் தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்து, இருபத்திரண்டு வயதில் கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டது. கத்தியது அவர், நோய் எங்களுக்கு. அவர் கத்தி முடித்ததும் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவார்.

அதனால் அவருக்குக் கொஞ்சம் பி.பி. இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். தினமும் காலையில் வீட்டில் பார்த்து நோட்டில் குறிக்கச் சொன்னார்.

"கோபத்தக் குறைங்க. உங்களுக்கு அதுதான் எமன்."

மிஷின் என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். படித்தது புள்ளியியல். அப்பா என்னை மேதாவி என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் எதுவும் தெரியாது. நான் சொல்வதுதான் கணக்கு.

முதல் தடவை திட்டம் எதுவும் இல்லை. சட்டையில் ஒரு பட்டன் விட்டிருந்தது. அதற்காக அம்மாவின் தையல் டப்பாவைத் தூக்கி எறிந்திருந்தார். அம்மா மண்டியிட்டு ஊசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மேதாவி, எவ்ளோ காட்டுது உன் பொட்டி?"

நூற்று நாற்பத்திரண்டு காட்டியது. "நூத்தித் தொண்ணூறு" என்றேன்.

"எவ்ளோ?"

"நூத்தித் தொண்ணூறு. இன்னும் ஒரு வார்த்தை கத்துனீங்கன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுப்பா."

வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து, ஓர் ஊசியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். இருபத்தாறு வருடம் அழுதும் அம்மாவால் முடியாததை ஓர் எண் செய்தது.

அதற்குப் பிறகு தினமும் சொன்னேன். நூற்று எழுபது, நூற்று எண்பத்தைந்து. அவர் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். வீடு அடங்கியது. அம்மா நாலு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். வயிற்று மாத்திரையை நிறுத்தினாள்.

டாக்டர் மட்டும் நெற்றியைச் சொறிந்தார். "இங்க பாத்தா நார்மலா இருக்கு, வீட்ல ஏறுது. சிலருக்கு அப்படித்தான்." என் நோட்டை நம்பி மாத்திரையை இரண்டாக்கினார், பிறகு மூன்று. நோட்டில் எண்கள் ஏறி இறங்கின. ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும். படித்த படிப்பு அதற்காவது உதவியது.

"எந்திரிச்சா தலை சுத்துதும்மா" என்பார் அப்பா.

"ஏறிடுச்சுப்பா, அதான்" என்பேன்.

நிஜத்தில் நூற்று நான்கு காட்டியது. அப்புறம் தொண்ணூற்றெட்டு. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். நிறுத்தினால் பழைய அப்பா திரும்பி வருவார், அம்மாவின் வயிறு தாங்காது. அம்மாவுக்காகத்தான் செய்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி வாரம் ஒரு நாள் மாலை அப்பா அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சமையலறைக்கு வந்த அம்மா சொன்னாள்:

"பாவம்டி அந்த மனுஷன். மனசு தங்கம். நாமதான் புரிஞ்சுக்கல."

"நாமளா?"

"நீ எந்நேரமும் மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்தா எந்த அப்பனுக்குத்தான் எரிச்சல் வராது? இந்த வீட்ல கோபக்காரி நீதாண்டி."

நான் கையில் இருந்த பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினேன்.

மறுநாள் காலை மிஷின் தொண்ணூறு காட்டியது. நூற்றுத் தொண்ணூறு என்று சொன்னேன். வழக்கமான மூன்று மாத்திரைகளோடு இன்னும் இரண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இவ்ளோவாம்மா?"

"ஆமாப்பா."

"நீ சொன்னா சரிதான்." தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினார்.

ஒன்பது மணிக்குக் குளிக்கப் போனார். அவர் விழுந்த சத்தமும் வாளி உருண்ட சத்தமும் சேர்ந்து கேட்டன. அம்மா கதவைத் தட்டிக்கொண்டு அலறினாள். நான் அன்றைய எண்ணை நோட்டில் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கோபத்தில் கொன்றாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. அம்மாமேலும் கிடையாது. கோபம் உடம்பை என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்தவள் நான், அதை அண்டவிடமாட்டேன். நேற்று உங்கள் ஜெயில் நர்ஸ் என் கையில் பட்டை சுற்றிப் பார்த்துவிட்டு நூற்று எழுபத்தெட்டு என்றாள். எதற்காக அப்படிப் பொய் சொல்கிறாள் என்று அவளைக் கொஞ்சம் விசாரியுங்கள்.