யாரும் கத்தாத இயந்திரம்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் எங்கள் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்து மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, நோயுற்றோரின் நெற்றியில் கைவைத்தே பாதி நோயைப் போக்கும் செவிலியத் தாய்மார்களே, கணினிப் பிரிவின் கண்மணிகளே, சிலிண்டர் தூக்கித் தூக்கித் தோளே சிலிண்டராகிப் போன என் ஆக்சிஜன் பிரிவுத் தோழர்களே, கடைசி வரிசையில் நின்று "சீக்கிரம் முடிங்க" என்று கண்ணாலேயே சொல்லும் கேன்டீன் தம்பிகளே, உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் பத்தாவது வரை படித்தவன். பத்தாவதை மட்டும் இரண்டு முறை படித்தேன், அவ்வளவு ஆர்வம். அப்படிப்பட்டவனை டேட்டாபேஸ் சர்வர் விழாவில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது யாருடைய துணிச்சல் என்று எனக்குத் தெரியவில்லை.

சர்வர் என்றால் என்ன என்று என் மனைவி கேட்டாள். "எல்லார் விவரத்தையும் ஞாபகம் வச்சுக்கிட்டு, எப்பக் கேட்டாலும் எடுத்துக் குடுக்கிற பெட்டி" என்றேன். "அப்ப இந்த வீட்டு சர்வர் நான்தான்" என்றாள். மறுக்க முடியுமா? இன்றைக்கு நான் போட்டிருக்கும் சட்டையே அவள் ஞாபகத்தில் இருந்து எடுத்துக் கொடுத்ததுதான்.

நம் மருத்துவமனையில் அப்படிப் பத்தொன்பது பெட்டிகள் இருந்தன. ஆய்வகம் ஒன்று வாங்கியது, மருந்தகம் ஒன்று வாங்கியது, அவர்கள் வாங்கிவிட்டார்களே என்று இவர்கள் ஒன்று வாங்கினார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே அறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி ஒன்று முனகிக்கொண்டிருந்தது. ஒரே நோயாளிக்கு ஆய்வகத்தில் ஒரு வயது, மருந்தகத்தில் ஒரு வயது. பத்தொன்பதையும் இரண்டாக்கு, அதற்குத் திட்டம் போடு என்று ஒரு பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்தப் பெண் என் மகள்.

கைதட்டாதீர்கள். கதையைக் கேட்டுவிட்டு, தட்டலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யுங்கள்.

எந்தப் பெட்டி முதலில், எது அடுத்தது, எந்த நாளில் மாற்றினால் நோயாளிக்குத் தொல்லை குறைவு, மாற்றியது சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது எப்படி என்று அவள் திட்டம் தீட்டினாள். போகிற வழியைப் போடுகிறவர்கள் பலர். திரும்பி வருகிற வழியையும் சேர்த்துப் போட்டவள் என் மகள். ஆனால் சில பெட்டிகள் யாருக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை. அப்படிப்பட்ட பெட்டிகளுக்கு அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம். அணைத்து வை, யார் கத்துகிறார்கள் என்று பார். கத்தினால் அவர்களுடையது. கொஞ்ச காலத்துக்கு யாருமே கத்தாவிட்டால் அது யாருக்கும் வேண்டாதது; அழித்துவிடலாம்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த பெட்டியின் மேல் 'பயிற்சிக்கு' என்று ஒட்டியிருந்தது. என்றோ ஒட்டியது, யாரும் கிழிக்கவில்லை. பயிற்சிப் பெட்டிதானே என்று நகல்கூட எடுக்காமல் அணைத்தார்கள். அன்று காலை எங்கள் பிரிவின் திரை இருண்டது. எந்த வீட்டில் எந்த நோயாளிக்கு எந்த நாளில் ஆக்சிஜன் தீரும் என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

நாங்கள் கத்தினோமா?

கத்தவில்லை. வேன் ஓட்டுநர் சொன்னார்: "அண்ணே, இது நம்ம பாப்பா திட்டம். நாமளே குறை சொன்னா ஊர் சிரிக்கும். தானா வந்துரும், விடுங்க." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எவ்வளவு பாசம், எவ்வளவு பண்பு, எவ்வளவு முட்டாள்தனம்! நினைவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டோம். "சிலிண்டர் மீட்டர்ல முள் எங்க நிக்குது?" என்று கேட்டோம். ஒரு பெரியவர், "தம்பி, காலைலதானே கேட்டீங்க, அதுக்குள்ள முள்ளு எங்க போகும்?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்போது சிரிக்கலாம்.

நாள் முழுதும் போனில் பேசிப் பேசித் தொண்டை கட்டியது. ஒருநாள் காலை சாப்பிடும்போது மனைவி, "என்னங்க, தவளை மாதிரி பேசுறீங்க?" என்றாள்.

"வேலை. எல்லா வீட்டுக்கும் போன்."

மகள் நிமிர்ந்தாள். "எதுக்குப்பா போன்? கம்ப்யூட்டர்ல பாக்கலாம்ல?"

"அது வரலம்மா."

"எப்பருந்து?"

"உன் திட்டம் ஆரம்பிச்சதுலருந்து."

"ஏம்பா சொல்லல?"

"உனக்குக் கெட்ட பேரு வரக்கூடாதுன்னுதான்."

கையில் எடுத்த கவளம் தட்டுக்கே திரும்பியது. "அப்பா, அப்ப அந்த மாடிப்படிப் பெட்டி உங்களுதா? அத இன்னிக்குக் காலைலதான் அழிக்கச் சொல்லியிருக்கேன்."

கணினிப் பிரிவில் 'கேபிள்' என்று எல்லோரும் கூப்பிடும் தம்பிக்குப் போன் போட்டாள். ஏசி இரைச்சலில் கேட்கவில்லையோ என்னவோ, அவர் எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் ஏறினோம். ஆமையும் என்னை முந்தும் என்று என் மகள் கேலி செய்வாள். அன்று பின்னால் இருந்து, "அப்பா, உயிரோட போய்ச் சேரணும்பா" என்றாள்.

ஓடினோம். கதவைத் திறந்தோம். மூடி கழற்றிய பெட்டி மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர். தம்பியைக் காணோம். முடித்துவிட்டாரா? முடிந்துவிட்டதா? அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "என்னக்கா, அப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க? டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம்னு போனேன்."

கேன்டீன் தம்பிகளே, அன்றைய தேநீருக்கு நான் ஆயுள் முழுதும் அடிமை.

பெட்டியை உயிர்ப்பித்தார்கள். எங்கள் விவரம் ஒவ்வொன்றாய் வந்தது. அதில் ஒரு வீடு. எங்கள் யார் நினைவிலும் இல்லாத, புதிதாய்ச் சேர்ந்த வீடு. வேன் பறந்தது, நானும் போனேன். பஸ் கண்டக்டர் ஒருவரின் மனைவி, மூக்கில் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முள் சிவப்பைத் தொட்டு நின்றது. புது சிலிண்டரை மாட்டினோம். மூச்சு சீராகும்வரை கட்டில் அருகிலேயே நின்றோம்.

"ஏம்மா, ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" என்றேன்.

அந்த அம்மா மெல்லச் சொன்னார்: "உங்களுக்கு எத்தனையோ வேலை. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

அந்தக் கட்டில் அருகே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் எங்களுக்காக வாயை மூடினார், நாங்கள் என் மகளுக்காக வாயை மூடினோம். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் பண்பாளர்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு மூச்சை நிறுத்தப் பார்த்தோம்! சொல்லாத வலி மருத்துவருக்குத் தெரியுமா? சொல்லாத பசி சமைத்தவளுக்குத் தெரியுமா? சொல்லாத குறை திட்டம் போட்டவளுக்கு எப்படித் தெரியும்? கூடப்பிறந்தவர்களே, குறை இருந்தால் கூப்பிடுங்கள். கூப்பிட்டும் கேட்காவிட்டால் கத்துங்கள். பாசம் இருப்பவர்கள் இன்னும் பலமாகக் கத்துங்கள்.

என் மகளும் தன் திட்டத்தை மாற்றினாள். சத்தம் வரவில்லை என்றால் அந்த அறைக்கே போய் உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எந்தப் பெட்டியும் அணையும். இன்று இரண்டு பெட்டிகளுக்குள் அத்தனை பேரும் பத்திரமாக இருக்கிறார்கள். ஆய்வகமும் மருந்தகமும் ஒரே வயதைச் சொல்கின்றன.

போன வாரம் கண்டக்டர் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார். "சிலிண்டர் கொண்டு வந்த பையன் செருப்போட உள்ள வந்துட்டான், இதெல்லாம் நல்லா இல்ல" என்று கால் மணி நேரம் திட்டினார். மூச்சு விடாமல் திட்டினார். அப்படி ஒரு இனிய வசவை நான் கேட்டதே இல்லை.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. என் பேச்சில் குறை இருந்தால் மனசுக்குள் வைக்காமல் இறங்கியதும் என்னிடமே சொல்லுங்கள். எல்லோருக்கும் வணக்கம்.