சிலுப்பிக்குத் தடுப்பு கிடையாது

— அண்ணா, நிறுத்து. மறுபடியும் செத்துட்டேன்.

— இரு இரு. இப்பதானே ஆரம்பிச்சே?

— ஆரம்பிச்ச உடனே செத்துட்டேன்னு சொல்றேன். உங்க ஆபீஸ்ல இருக்கறவங்க பொய் சொல்லல. நீங்க பண்ற இந்தப் புது வீடியோ கேம்ல சிலுப்பி மூணு அடிகூடத் தாங்க மாட்டேங்கறா.

— வாலு, நீயும் அப்படிச் சொன்னா நான் எங்க போவேன்? சாயங்காலம் எங்க ஆபீஸ் மேடமே உக்காந்து ஆடிப் பாக்கப் போறாங்க. பிடிக்கலைன்னா சிலுப்பியைத் தூக்கிடுவாங்க. பழைய ஆட்டத்துலேர்ந்து ஒரே ஒரு ஆளைத்தான் புதுசுக்குக் கொண்டுவரலாம்னு சொன்னப்ப, சண்டை போட்டு இவ பேரைச் சொன்னது நான்.

— மத்தவங்க யாரைச் சொன்னாங்க?

— தடியனை.

— ஐயோ சாமி! சின்ன வயசுல நீ ஆடுவியே, அந்தத் தடியனையா?

— அவனையேதான். நான் ஆடின ஆளை விட்டுட்டு நீ ஆடின ஆளுக்காகச் சண்டை போட்டிருக்கேன். இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?

— அண்ணன் பாசம் அப்புறம். முதல்ல என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு எனக்கு விளங்கற மாதிரி சொல்லு. பழசுல ஆறு பட்டன். இதுல நாலுதான் இருக்கு. மீதி ரெண்டு எங்க போச்சு?

— கேளு. எனக்கு ரெண்டு மாசத் தூக்கம் போன இடமே அதுதான். மூணு கைவீச்சையும் ஒரே பட்டன்ல அடக்கிட்டேன். சும்மா அமுக்கினா சின்னது, கொஞ்சம் பிடிச்சா நடுத்தரம், நல்லாப் பிடிச்சா பெருசு. ரெண்டாவது உதை. மூணாவது பிடிச்சு எறியறது. நாலாவது பட்டன் எல்லா ஆளுக்கும் தடுப்பு. பழைய ஆட்டத்துல பின்னாடி அமுக்கினாலே தடுப்பு வரும், இதுல தனியா வெச்சிருக்காங்க. லாஜிக் படி பாத்தா, சிலுப்பிக்குத்தான் தடுப்பே கிடையாதே? அவளுக்கு மட்டும் நாலாவது இடம் காலி. அங்க அவளோட சுழல் உதையை வெச்சேன். ஒரே அமுக்குல வரும். வேற யாருக்கும் இல்லாத சலுகை.

— நல்ல யோசனைதான். சிலுப்பி என்னைக்குத் தடுத்தா? ஒண்ணு வாங்கினா ரெண்டு குடுப்பா.

— அதேதான் நானும் ஆபீஸ்ல சொன்னேன். ‘இவ தடுக்க மாட்டா, இவ அழகே அதுதான்’னேன். அவங்க, ‘அழகாச் செத்துப்போறா சார்’ங்கறாங்க. அதான் உன்னை வரச் சொன்னேன். நீ ஆடினா ஜெயிப்பே, அதைப் பதிவு பண்ணிக் கொண்டுபோய்க் காட்டலாம்னு பாத்தேன்.

— நானும் அழகாச் செத்துப்போயிட்டேன்.

— உன் போன் துடிக்குது.

— துடிக்கட்டும்.

— மாப்பிள்ளையா?

— நேத்துலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு.

— என்னவாம் இந்தத் தடவை?

— ஈரத் துண்டை நாற்காலிமேல போடாதீங்கன்னேன். ‘எப்பப் பாரு குத்தம் சொல்லு’ன்னாரு. அங்க ஆரம்பிச்சு நான் அவங்க பரம்பரை வரைக்கும் போயிட்டேன்.

— எடுத்துப் பேசேன்.

— எடுத்தா அவர் ஒண்ணு சொல்வாரு. நான் பத்து சொல்லணும்.

— அந்தப் பத்தை விட்டுட்டு எடு.

— அது எப்படி அண்ணா? ஒருத்தர் ஒண்ணு சொல்லி, நான் வாயை மூடிக்கிட்டிருந்தா, தோத்துட்ட மாதிரி இருக்காதா?

— சிலுப்பியேதான் நீ. சிலுப்பிக்கற முடி மட்டும்தான் குறைச்சல்.

— கதவைத் திறங்கடா. ரெண்டு கையிலயும் சாமான்.

— அம்மா! பரண்மேல ஏறினியா? நான் வந்து எடுத்துக்கறேன்னுதானே சொன்னேன்?

— ஏறாம, கூப்பிட்டா அதுவா இறங்கி வருமா? இந்தா உன் பழைய கேம் பெட்டி. இந்தா ஒயரெல்லாம். ஏதோ எலி கடிக்காம விட்டிருக்கு. என்னமோ போ, நரைச்ச தலையை வெச்சுக்கிட்டு இன்னும் இதுதான் பொழப்பு உனக்கு.

— இதுதான் பொழப்பும்மா. மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க.

— குடு அண்ணா, நான் சொருகறேன். வருதா? வந்துடுச்சு! ஐயோ, அதே பாட்டு. அதே புரியாத எழுத்து. இதுல அவ பேரு என்னன்னு கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாது, இல்ல?

— இப்பத் தெரியும். ஆனா எனக்கு வாயில வரமாட்டேங்குது. சிலுப்பின்னுதான் ஆபீஸ்லயும் சொல்றாங்க. நீ ஒரு ஆட்டம் ஆடு. பழசுல அவ எப்படி உயிரோட இருந்தான்னு பக்கத்துல உக்காந்து பாக்கறேன்.

— கண்ணு, அந்த ஜாய்ஸ்டிக்கை எடுக்காதே, அது அண்ணனோடது. கத்துவான்.

— அம்மா, எனக்கு முப்பத்தேழு வயசு.

— எடுத்துக்கோ வாலு. இன்னைக்கு ஒரு நாள் நல்லதை நீ வெச்சுக்கோ. உன்னுதை நான் எடுத்துக்கறேன்.

— கேட்டியாம்மா? மழை கொட்டப்போகுது.

— நீங்க அடிச்சுக்கோங்க. நான் டீ போடறேன்.

— வா தடியா, வா. பாத்தியா, எப்படி வாங்கினே? பாத்தியா அண்ணா, கை மறக்கவே இல்ல!

— இரு இரு, இப்பப் பாரு, மேலேர்ந்து வர்றான்.

— ஐயோ!

— ஏய். என்ன பண்ணினே?

— தெரியல. பறந்து வந்தானா, பயந்துபோய் விரலைப் பின்னாடி இழுத்துட்டேன்.

— கையைக் குறுக்க வெச்சா.

— ஆமா. உயிர்க்கோடு குறையவே இல்ல, பாரு.

— இன்னொரு தடவை பின்னாடி இழு. நான் உதைக்கறேன்.

— இழுத்துட்டேன். உதை.

— உதைச்சேன்.

— அண்ணா... தடுக்கறா. சிலுப்பி தடுக்கறா!

— எல்லா ஆளையும் போல அவளும் தடுக்கறா. இரு இரு, இங்க எனக்கு இன்னொண்ணு. தடியன் முன்னாடி ஓடறான், குதிக்கறான், குனியறான். பின்னாடி மட்டும் நகர மாட்டேங்கறான்.

— அது எப்பவுமே அப்படித்தானே?

— எப்பவுமேன்னா?

— சிலுப்பி பின்னாடி போக மாட்டா. அது அவ குணம்.

— இங்க இருக்கறது தடியன். இது அவ குணம் இல்ல வாலு. உன் ஜாய்ஸ்டிக் கோளாறு.

— சும்மா சொல்லாதே.

— இந்தா, நீயே பிடிச்சுப் பாரு. ஆளை நகத்தற பட்டன்ல வலது பக்கம் அமுங்குதா? கல்லு மாதிரி இருக்கு. நீ எப்பவும் வலது ஓரத்துல நிப்பே, இப்பத் தடியன் நிக்கற இடத்துல. உனக்குப் பின்னாடின்னா வலது பக்கம். அந்தப் பக்கம்தான் வேலை செய்யல.

— அப்போ ஒரு தடவைகூட நமக்குத் தெரியாமலா போச்சு?

— எப்படித் தெரியும்? இந்த ஜாய்ஸ்டிக்கை நான் கையால தொட்டதில்ல. சிலுப்பியைத் தவிர வேற ஆளை நீ ஆடினதில்ல. சிலுப்பியை நான் தொட்டா நீ கடிப்பே. தழும்பு இருக்கு, பாக்கறியா?

— நீ என்னைத் தாண்டிக் குதிச்சிருந்தா தெரிஞ்சிருக்குமே? இடம் மாறியிருக்குமே?

— தாண்டினா ஆட்டம் செல்லாதுன்னு சட்டம் போட்டது யாரு? பெட்டியையே அணைச்சுடுவே.

— தாண்டினா அவ முன்னாடி நடக்கவே மாட்டா அண்ணா. நீ ஏதோ திருட்டுத்தனம் பண்றேன்னு நினைச்சுதான் அழுவேன்.

— ஐயையோ.

— என்ன?

— பழைய ஆட்டத்துலேர்ந்து எடுத்த அவளோட படங்கள்ல, கையைக் குறுக்க வெச்சுக்கிட்டு நிக்கற மாதிரி ரெண்டு இருந்துச்சு. எதுக்குன்னே விளங்கல. ஜெயிச்சதும் திமிரா நிக்கறான்னு நினைச்சு, அதைக் கொண்டுபோய்க் கடைசியில போட்டுட்டேன். ஆபீஸ்ல அதைப் பாத்துக் கை தட்டினாங்க.

— அடி படாம இருக்கறதுக்குத் தூக்கின கையை, திமிருன்னு நினைச்சியா?

— சிரிக்காதே. நீயும்தான் நினைச்சே.

— சிரிக்கல. நான்தான் உன்னைவிட அதிகமா நினைச்சேன். ஸ்கூல்ல, வேலையில, அவர் வீட்டுல, யாராவது ஒரு சொல் சொன்னா போதும், உள்ளுக்குள்ள இவதான் வந்து நிப்பா. முடியைச் சிலுப்பிக்கிட்டு, நகராதேம்பா. நானும் நகர மாட்டேன். வாங்கிட்டு, திருப்பிக் குடுத்துட்டு, அப்புறம் குளியலறையில போய் அழுவேன். பாவி, அவளுக்குத் தடுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் காட்டல.

— வாலு...

— எனக்கு என்ன ஆச்சரியம்னா, தடுத்தா அப்புறம் ஒண்ணுமே நடக்கல அண்ணா. அடி வந்துச்சு, மோதிச்சு, போயிடுச்சு. அவ அங்கயேதான் நிக்கறா. தோக்கவும் இல்ல.

— நீ இப்படி யோசிச்சுக்கிட்டிரு. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு வழி வேணும். அவளுக்குத் தடுப்பு குடுத்தே ஆகணும். குடுத்தா நாலாவது பட்டன் போச்சு. சுழல் உதைக்கு இடம் இல்ல. சுழல் உதை இல்லாத சிலுப்பியை யார் கேட்டா? அதுக்குத் தடியனையே கூட்டிட்டு வந்திருக்கலாம்.

— உதையைத் தூக்கக் கூடாது.

— வேற எதைத் தூக்கறது? எறியறதையா?

— எதையும் தூக்காதே. இரு. நான் அந்த உதையை எப்ப விடுவேன்?

— நான் அடிக்க வர்றப்ப. எப்பவும் அப்பதான். நான் காலைத் தூக்கறதுக்குள்ள உன் கால் என் மூஞ்சியில இருக்கும். கடுப்பா வரும்.

— ஏன்னா எனக்கு வேற வழி இல்ல. தடுக்க முடியாதவ முந்திக்கத்தானே வேணும்? அப்போ தடுக்கற நேரமும் உதைக்கற நேரமும் ஒண்ணுதான், இல்லையா?

— ஒண்ணுதான்.

— அப்போ ரெண்டையும் ஒரே பட்டன்ல வையேன். அமுக்கினா தடுப்பு. அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே முன்னாடி தட்டினா சுழல் உதை.

— தட்டலைன்னா?

— தட்டலைன்னா சும்மா நிப்பா. அவ இஷ்டம்.

— இரு இரு, பேசாதே. பேசாதே. தடுப்புக்குள்ளேர்ந்து உதை... கையைக் குறுக்க வெச்ச படத்துலேர்ந்து அப்படியே சுழலலாம். படம்கூடப் புதுசா வேணாம். வாலு, எங்க ஆபீஸ்ல வேலைக்குச் சேர்றியா?

— ஈரத் துண்டு போடாதவங்களா இருந்தா யோசிக்கறேன்.

— இந்தாங்க டீ. நான் வெச்சுட்டுப் போன முதல் டீயே ஆறிக் கிடக்கு. இன்னும் தட்டிக்கிட்டேதான் இருக்கியா?

— முடிஞ்சுதும்மா. வாலு, பிடி. இப்பப் புதுசை ஆடு. அதே எதிராளிங்கதான், எதையும் சுலபமாக்கல.

— தடுத்தேன். தடுத்தேன். இதையும் தடுத்தேன். இப்பப் பாரு... உதை!

— பாதி உயிர்க்கோடு போச்சு அவனுக்கு!

— இன்னொருத்தன் வர்றான். இவனுக்கு உதை வேணாம், சும்மா நிக்கறேன். பாரேன், அவனே களைச்சுப்போயிட்டான். அண்ணா, இதுல எவ்வளவு யோசிக்க நேரம் கிடைக்குது!

— நிறுத்தாதே, ஆடிக்கிட்டே இரு. இப்பவே ஆபீசுக்கு அனுப்பிடறேன். சாயங்காலம் வரைக்கும் என்னால மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது.

— என் போனு.

— தெரியுது. என்ன பண்ணப்போறே?

— சத்தம் போடாதீங்க ரெண்டு பேரும்... ஹலோ. ம். ம். இல்ல, கோவமாத்தான் இருக்கேன். ஆனா நீங்க சொல்லுங்க. இல்லைங்க, குறுக்க பேசல. முழுசாச் சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்.

— என்னடா இவ? பதிலே பேசாம கேக்கறா? உடம்பு கிடம்பு சரியில்லையா?

— ஷ்ஷ். தடுத்துக்கிட்டிருக்காம்மா.

— என்னமோ போ.

— ம். சாப்பிட்டீங்களா? ராத்திரி வந்துடறேன். துண்டு விஷயத்தை நேர்ல பேசிக்கலாம். ஆமா, நான் சொன்னதுலயும் பாதி அதிகம்தான். பாதிதான். வெச்சுடறேன்.

— உதைச்சியா?

— தேவைப்படல. என்னை விடு, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஆபீஸ்லேர்ந்து ஏதாவது வந்துச்சா?

— மேடமே எழுதியிருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கலையாம். வந்ததுமே ஆடிப் பாத்துட்டாங்களாம்.

— படி!

— ‘தோத்துட்டேன். ஆனா மறுபடி ஆடணும்னு இருக்கு. இவ இருக்கட்டும்.’

— அண்ணா!

— கத்தாதே. கடிக்கவும் கடிக்காதே. அம்மா, சிலுப்பி தங்கிட்டா!

— எங்க தங்கப்போறா? இங்க இடம் இல்லப்பா.

— எனக்கு இப்ப ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்த ஸ்க்ரூடிரைவரை எடு. இத்தனை வருஷம் என் பின்வழியை அடைச்சுக்கிட்டிருந்தது என்னன்னு பாக்கணும்.

— துரு பிடிச்சிருக்கும். இல்லைன்னா ரப்பர் தேஞ்சிருக்கும். குடு, கழட்டறேன்... துரு இல்லையே. ரப்பரும் நல்லாத்தான் இருக்கு. இரு இரு. இது என்ன?

— என்ன?

— அட்டை. மடிச்சு மடிச்சு, வலது பக்கத்துக்கு அடியில சொருகியிருக்கு. தானா போய் விழுந்தது இல்ல வாலு, யாரோ அளவெடுத்துக் கத்தரிச்சிருக்காங்க.

— நீயா?

— சத்தியமா இல்ல. அப்ப எனக்கு ஸ்க்ரூன்னா என்னன்னே தெரியாது. இதுல ஏதோ எழுதியிருக்கு. தலைவலி மாத்திரை டப்பா இது.

— நம்ம வீட்டுல தலைவலி மாத்திரை யாரு போடுவா?

— டிவி ரிமோட்டுக்கு ஸ்க்ரூ போட்டுப் பூட்டற கம்பெனியில வேலை பாத்தது யாரு?

— ஏண்டா ரெண்டு பேரும் என்னை அப்படிப் பாக்கறீங்க?

— அம்மா, இதை நீயா வெச்சே?

— அதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? பெட்டி வாங்கின முதல் வாரம், உனக்கு அஞ்சு வயசு கண்ணு, ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்காது. அந்தப் பொம்மையைப் பின்னாடியே இழுத்துக்கிட்டுப் போய், ஓரத்துல கையைக் குறுக்க வெச்சுக்கிட்டு நிக்க விடுவே. நேரம் முடியற வரைக்கும் அங்கேயேதான் நிப்பா. அப்புறம் தோத்துட்டேன்னு அழுவே. தினம் இதே கதை. என் தலை வெடிச்சுது.

— அதுக்காக, நான் பின்னாடி போற வழியவே அடைச்சுட்டியா?

— ஒரே ஒரு நாளைக்குத்தான் கண்ணு. மறுநாள் எடுத்துடலாம்னுதான் இருந்தேன், அன்னைக்குன்னு பாத்து நீ ஜெயிச்சுட்டே.